இசுமோ தாய்ஷாவின் தூண்களை மரத்தில் செய்து பார்த்தது

ஜப்பானில் உள்ள இசுமோ தாய்ஷா கோயிலின் உள் வாசலுக்கு முன்னால் தளக்கற்களின் மேல் பெரிய வட்டம் ஒன்று பதித்திருக்கிறார்கள். அதற்குள் மூன்று சிறிய வட்டங்கள், மூன்று உருண்டைகளைச் சேர்த்து வைத்தது போல ஒட்டிக்கொண்டிருக்கும். கும்பிட வருகிறவர்கள் பலரும் அதை மிதித்துக்கொண்டே போய்விடுகிறார்கள். நானும் மனைவியும் மகளும் அந்தச் சிறிய வட்டங்களில் ஒன்றுக்குள் சேர்ந்து நின்று பார்த்தோம். மூன்று பேர் நின்றும் இடம் மிச்சமிருந்தது. அது ஒரே ஒரு சுகி மரத்தின், அதாவது ஜப்பானிய தேவதாரு வகை மரத்தின், பருமன். அப்படி மூன்று மரங்களைச் சேர்த்துக் கட்டினால் ஒரு தூண். அப்படி ஒன்பது தூண்கள் மேல் ஒரு காலத்தில் இந்தக் கோயில் நின்றது.

வீட்டுக்குத் திரும்பும் இச்சிபாதா ரயிலிலேயே முடிவு செய்துவிட்டேன், இதை மரத்தில் செய்து பார்க்க வேண்டும் என்று. நாங்கள் இருப்பது மாட்சுயேயில், கோயிலிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். பிழைப்புக்குக் கணினி வேலை. ஆனால் என் அப்பா தச்சர். பள்ளி விடுமுறையெல்லாம் அவருடைய பட்டறையில் இழைப்புச் சுருளுக்கு நடுவில்தான் கழிந்தது. உளி பிடிக்க மறக்கவில்லை.

வரலாற்றைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நான் பட்ட பாடு புரியாது. இது ஓகுனினுஷி என்ற தெய்வத்தின் கோயில். இப்போது நிற்கும் கருவறைக் கட்டடம் 1744-இல் கட்டியது, உயரம் 24 மீட்டர். ஆனால் பழைய கோயில் இதைப்போல இரண்டு மடங்கு, 48 மீட்டர் உயரம் என்று வழிவழியாகச் சொல்லிவந்தார்கள். 970 வாக்கில் பிள்ளைகளுக்காக எழுதிய பாடநூல் ஒன்று நாட்டின் பெரிய கட்டடங்களை அண்ணன் தம்பிகளாக வரிசைப்படுத்துகிறது. அதில் இசுமோதான் மூத்தவன். நாராவின் பெரிய புத்தர் மண்டபமே அதற்கு அடுத்த தம்பிதான். கோயில் பரம்பரையான செங்கே குடும்பத்திடம் பழைய தரைப்பட வரைவு ஒன்றும் இருந்தது. ஒன்பது பெரிய வட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று வட்டங்கள். கோயிலுக்கு ஏறும் பாலப்படியின் நீளம் ஒரு ச்சோ, அதாவது 109 மீட்டர், என்று அதில் எழுதியிருக்கிறது. இவ்வளவு பெரிதாக யார் கட்டியிருக்க முடியும் என்று பலர் நம்பவில்லை.

2000-இல் வளாகத்துக்குள் நிலத்தடி அறை ஒன்று கட்டுவதற்கு முன் அகழாய்வு செய்தார்கள். மண்ணுக்கடியில் மூன்று சுகி மரங்கள் சேர்ந்தாற்போல் ஒரு தூணின் அடிப்பாகம் இருந்தது. அடுத்தடுத்துத் தோண்டியதில் மொத்தம் மூன்று தூண்களின் இடம் தெரிந்தது. ஒவ்வொரு மரமும் ஏறக்குறைய 1.3 மீட்டர் விட்டம், கட்டு முழுவதும் 3 மீட்டர். வரைவில் இருந்தது அப்படியே மண்ணுக்குள் இருந்தது. 1248-இல் முடிந்த திருப்பணியின் தூண்கள் அவை என்பது ஆய்வாளர்களின் கருத்து. முன்பக்க நடுத்தூணின் அடி இப்போது கோயிலுக்குப் பக்கத்திலேயே உள்ள பண்டைய இசுமோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்க்கும்போது தச்சன் மகனுக்குத் தொண்டை அடைக்கிறது. அதே கூடத்தில் ஐந்து ஆய்வாளர்கள் ஐந்து விதமாக ஊகித்த ஐந்து மாதிரிகளும் உண்டு, எல்லாம் ஐம்பதில் ஒரு பங்கு. அதையே நானும் அளவாக எடுத்துக்கொண்டேன்.

திட்டம் இரண்டு பாகம். முதலில் இப்போது நிற்கும் கோயில், 48 சென்டிமீட்டர் உயரத்தில். அப்புறம் பழைய கோயிலின் தூண்களும் தளமும் மட்டும். மேலே என்ன இருந்தது என்பதில் ஊகம் அதிகம், அதில் கை வைக்க எனக்குத் தகுதி இல்லை.

இப்போதைய கட்டடம் ஒரு பக்கம் 10.9 மீட்டர் உள்ள சதுரம். மாதிரியில் 218 மில்லிமீட்டர். ஒரு வரிசைக்கு மூன்றாக ஒன்பது தூண். நட்ட நடுவில் நிற்பது ஷின்-நோ-மிஹஷிரா, விட்டம் 109 சென்டிமீட்டர். முன்னும் பின்னும் நடுவில் நிற்பவை உஸுபஷிரா, 87 சென்டிமீட்டர். மற்ற ஆறும் 79. எனக்கு வேண்டியது 22 மில்லிமீட்டரில் ஒன்று, 17-இல் இரண்டு, 16-இல் ஆறு. கடையில் உருட்டுக் குச்சியாகவே கிடைக்கும். ஆனால் வாங்க மனம் வரவில்லை. சதுரக் கட்டையிலிருந்து உருட்டி எடுப்பதுதான் முறை.

நடுத்தூணுக்கு 24 மில்லிமீட்டர் சதுரக் கட்டை. ஒவ்வொரு முகத்திலும் இரண்டு ஓரத்திலிருந்தும் 7 மில்லிமீட்டர் தள்ளிக் கோடு, நடுவில் 10 மிஞ்சும். ஏழு, பத்து, ஏழு. அந்தக் கோடு வரை மூலையை இழைத்தால் எட்டுப்பட்டை வந்துவிடும். எட்டின் மூலைகளைத் தட்டினால் பதினாறு பட்டை. அதற்குப் பிறகு கோடு வேண்டாம், கை சொல்லும். கட்டையை உள்ளங்கையில் மெல்லச் சுழற்றினால் எங்கே மேடு என்று தோலுக்குத் தெரியும். அந்த இடத்தை மட்டும் ஒரு சீவு. கடைசியில் உப்புத்தாள். ஒரு தூணுக்கு ஒரு மாலை நேரம் ஆனது.

எட்டுத் தூண் முடிந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து பார்த்தார். ஐம்பது வருடம் கோயில், வீடு என்று தச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர். தூண்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மூன்றைத் தனியாகத் தலைகீழாக வைத்தார்.

"இந்த மூன்றும் தலைகீழாக நிற்கப் போகிறது. கழுந்தை மாற்றி வெட்டுங்கள்" என்றார். கழுந்து என்பது துளைக்குள் பொருந்தும்படி தூணின் முனையில் செதுக்கும் பகுதி.

மரம் காட்டில் எப்படி நின்றதோ அப்படியே, வேர்ப்பக்கம் கீழே இருக்க வேண்டும். தலைகீழாக நட்ட தூண் வீட்டுக்கு ஆகாது என்பது இங்கே தச்சர்களின் நம்பிக்கை. அறுத்த கட்டையில் அடி எது, நுனி எது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். நேராக அறுத்த முகத்தில் ரேகைகள் மூங்கில் குருத்தைப்போலக் கூம்பிக் கூம்பி அடுக்கியிருக்கும். கூம்பு காட்டும் பக்கம் பெரும்பாலும் நுனி. நான் உருட்டும்போது அந்த முகத்தையெல்லாம் சீவித் தள்ளிவிட்டேன். ஆனால் உருண்டைத் தூணிலும் இரண்டு பக்கம் அந்தக் கூம்பு மங்கலாகத் தெரிகிறது, பார்க்கத் தெரிந்தால். அந்த மூன்றையும் மறுபடி செய்தேன். ஒன்பதாவதில் முதலிலேயே பென்சிலால் அம்புக்குறி போட்டுக்கொண்டேன்.

உஸுபஷிரா நிற்கும் இடம் முக்கியம். அது சுவரின் கோட்டில் இல்லாமல் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கிறது. முகட்டுவளையை நேராகத் தரையிலிருந்து தாங்கிய பழைய முகட்டுத்தூணின் வம்சம் அது என்கிறார்கள். அகழாய்வில் கிடைத்த முன்தூணும் அப்படித்தான் வெளியே தள்ளி இருந்தது. இதே பாணியில் இன்றுள்ள கோயில்களில் மிகப் பழையது மாட்சுயேயில் இருக்கும் கமோசு கோயில், 1583-இல் கட்டியது. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். காட்டு ஓரத்தில், கரடுமுரடான கற்படி ஏறினால் சட்டென்று எதிரில் நிற்கும். அங்கே தூண்களைக் கிட்டத்தில் நின்று பார்க்கலாம் என்பதால் நான்கு முறை போனேன். உஸுபஷிரா சுவரை விட்டு எவ்வளவு துருத்தி நிற்கிறது என்பது படத்தில் பிடிபடவே இல்லை. பக்கவாட்டில் போய் நின்றபோதுதான் விளங்கியது.

ஆனால் கமோசு கோயிலுக்குப் போய்வந்ததுதான் அடுத்த தவறுக்கும் காரணம். இந்தப் பாணிக் கோயிலில் வாசல் நடுவில் வராது, நடுவில் தூண் இருக்கிறதே. இசுமோவில் வாசல் வலது பக்கம். உள்ளே நுழைந்தால் எதிரில் ஒரு தடுப்புச் சுவர், நடுத்தூணுக்கும் வலது பக்கத் தூணுக்கும் இடையில். இடது பக்கமாக நடுத்தூணைச் சுற்றிப் போனால் அந்தச் சுவருக்குப் பின்னால், வலது மூலையில் தெய்வம் அமர்ந்திருக்கிறது, மேற்குப் பார்த்து. கட்டடம் தெற்குப் பார்த்தது. வாசலில் நின்று கும்பிடுகிறவர் தெய்வத்தின் பக்கவாட்டைத்தான் கும்பிடுகிறார். நேர்வாசலில் நின்று சாமி முகம் பார்த்தே வளர்ந்த எனக்கு இது பழக வெகுநாள் ஆனது. கமோசுவில் தெய்வம் அமரும் பக்கம் இதற்கு நேர் எதிர். இரண்டு தரைப்படத்தையும் ஒரே தாளில் வரைந்து வைத்திருந்தேன். தூக்கக் கலக்கத்தில் தடுப்புச் சுவருக்கான காடியை நடுத்தூணின் இடது பக்கம் வெட்டிவிட்டேன். பசை போட்டுத் தளத்தோடு இறுக்கி, காலையில் பார்த்தபோதுதான் தெரிந்தது. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிப் பசையை இளக்கி, தூணைப் பிடுங்கி, தவறான காடியில் அதே கட்டையின் துண்டைச் செதுக்கி அடைத்தேன். ரேகை ஒத்துப்போகிறது, ஆனால் எனக்குத் தெரியும் அது எங்கே இருக்கிறது என்று.

உள்ளே கூரைத்தளத்தில் யகுமோ என்ற ஓவியம் உண்டு. பெயருக்கு அர்த்தம் எட்டு மேகங்கள், வரைந்திருப்பதோ ஏழு. கமோசுவில் ஒன்பது. மகள் வண்ணம் தீட்டித் தந்தாள். எட்டாவது மேகத்தை எங்கே வரைவது என்று இரண்டு முறை கேட்டாள். ஏழோடு நிறுத்தச் சொன்னதில் அவளுக்கு இன்னும் வருத்தம்.

கூரைக்கு ஒரு மாதம் பிடித்தது. அசல் கூரை ஹிவதா, ஹினோகி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரத்தின் பட்டையை அடுக்கி மூங்கில் ஆணியால் அறைந்து வேய்வது. 2008 முதல் 2013 வரை நடந்த திருப்பணியில் இந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் சுமார் 6 லட்சத்து 40 ஆயிரம் பட்டைகள் ஆனதாம். மிக நீளமானவை 120 சென்டிமீட்டர். என் அளவில் 24 மில்லிமீட்டர். முதலில் பழுப்புக் காகிதம் வைத்துப் பார்த்தேன், பொம்மை போல இருந்தது. அப்புறம்தான் காலடியில் கிடந்தது கண்ணில் பட்டது, தூண் இழைத்தபோது விழுந்த சுருள்கள். அவற்றை நனைத்து, இரண்டு பலகைக்கு நடுவில் ஒரு இரவு அழுத்தி வைத்தால் நேராகிவிடும். அதைக் கத்தியால் கீற்றாக நறுக்கி, கீழ் விளிம்பிலிருந்து ஒன்றின் மேல் ஒன்றாக, ஒவ்வொரு வரிசையும் ஒன்றரை மில்லிமீட்டர் பின்தள்ளி ஒட்டிக்கொண்டே போனேன். அடுக்க அடுக்க ஓரத்தில் தடிமன் ஏறும், அந்தக் கனம்தான் இந்தக் கூரையின் அழகு. ஏறக்குறைய 1,900 கீற்றுகள். ஜப்பானின் இன்னொரு பெரிய தலமான இசேயின் கோயில்களைப்போல இங்கே கூரை நேர்கோடு கிடையாது, உள்வாங்கி வளையும். முகப்பின் ஓரப்பலகையைக் கெண்டி ஆவியில் காட்டி வளைத்தேன். ஆறில் இரண்டு விரிசல் விட்டது.

கூரையின் மேல் கத்தரிக்கோல் போலக் குறுக்காக நிற்கும் ச்சிகி, நுனி செங்குத்தாக வெட்டியது. அவற்றுக்கு நடுவே கட்சுவோகி என்ற மூன்று உருளைக் கட்டைகள். ச்சிகியின் அசல் நீளம் சுமார் 8 மீட்டர், கீழிருந்து பார்க்கிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. கடந்த திருப்பணியில் அவற்றின் செப்புத் தகட்டுக்கு ‘ச்சான்’ என்ற பழைய பூச்சை மறுபடி பூசினார்கள். பைன் பிசின், எகோமா என்ற செடியின் விதை எண்ணெய், சுண்ணாம்பு, ஈயம் கலந்தது. நான் ஈயத்தை விட்டுவிட்டு மற்றதைக் காய்ச்சி, கரித்தூள் சேர்த்துக் கறுப்பாக்கிப் பூசினேன். காய நான்கு நாள். வீடு முழுக்கப் பிசின் வாசனை.

சரி, முதல் மாதிரி முடிந்தது. ஆனால் நான் இதைத் தொடங்கியது இரண்டாவதற்காகத்தான்.

26 மில்லிமீட்டர் உருட்டுகள் இருபத்தேழு. மும்மூன்றாகச் சேர்த்தால் ஒன்பது தூண், தரைக்கு மேல் 60 சென்டிமீட்டர். இந்த உயரம் என் தேர்வு. பழைய வரைவின் பெயரிலேயே ‘கனவா’ என்ற ஜப்பானியச் சொல் இருக்கிறது, உலோக வளையம் என்று அர்த்தம். பிஸ்கட் டப்பாத் தகரத்தைப் பட்டையாக வெட்டி, மூன்று உருட்டையும் கட்டி, முனையை மடித்து அடித்தேன். பாலப்படியின் நீளத்தைக் கணக்குப் போட்டால் 218 சென்டிமீட்டர், கட்டடத்தின் பக்க அளவைப்போலச் சரியாகப் பத்து மடங்கு. சாப்பாட்டு மேசையைத் தாண்டிச் சமையலறைக்குள் போகிறது. அதைச் செய்யவில்லை. தரையில் ஒட்டுநாடாவால் கோடு மட்டும் போட்டேன். அதன் மறுமுனையில் உட்கார்ந்து 60 சென்டிமீட்டர் தூண்களை அண்ணாந்து பார்த்தால், அந்தச் சரிவில் ஏறிப் போகிறவனுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று கொஞ்சம் பிடிபடுகிறது.

முதல் சிக்கல் இரண்டு வாரத்தில் வந்தது. வளையங்கள் வழுக்கிக் கீழே இறங்கிவிட்டன. குளிர்காலம், அறையில் ஹீட்டர் ஓடுகிறது. நான் வாங்கிய சுகிக் கட்டை சரியாகக் காயாதது. உலர்ந்ததும் மரம் சுருங்கி, தகரம் தளர்ந்துவிட்டது. உருட்டு ஒன்றுக்கு அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், மூன்று சேரும்போது வளையத்தில் விரல்நகம் நுழைகிறது. 1.3 மீட்டர் மரத்தில் இந்தச் சுருக்கம் எவ்வளவு வரும் என்று நினைத்துப் பார்த்தேன். மூன்று உருட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் மேலிருந்து மெல்லிய ஆப்பு ஒன்றை அடித்து இறுக்கினேன். இப்போது மாதம் ஒருமுறை அந்த ஆப்பை ஒரு தட்டு தட்ட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது சிக்கல் நிலம். இந்தத் தூண்களுக்கு அடிக்கல் கிடையாது, குழி தோண்டி நட்டவை. அதனால் மரப்பெட்டி ஒன்றில் மணல் நிரப்பி, ஈரப்படுத்தி, தட்டி இறுக்கி, ஒன்பது தூணையும் நட்டேன். மேலே தளம், அதன் மேல் கூரைக்குப் பதிலாக ஐந்து கிலோ அரிசிப் பை. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், சுத்தம். வெள்ளிக்கிழமை இரவு அது. திங்கள் காலை காபியோடு வந்து பார்த்தால் எல்லாம் ஒரு பக்கமாக 11 மில்லிமீட்டர் சாய்ந்திருந்தது. யாரும் தொடவில்லை, ஜன்னல் கூடத் திறக்கவில்லை. மணல் ஒரு பக்கம் முதலில் உலர்ந்து இறங்கியிருக்கிறது. புதன்கிழமை தளம் நழுவி அரிசி தரையில்.

காபி ஆறிப்போனது. ஏனென்றால் 1031-ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று நினைவுக்கு வந்தது. காற்றே இல்லாமல் இசுமோ கோயில் சாய்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டு வரை இன்னும் பல முறை விழுந்த செய்தி உண்டு. தெய்வத்தின் அறிகுறி என்று அன்று கருதியிருக்கலாம். என் பெட்டியில் நடந்ததையே அங்கேயும் நடந்தது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மாதிரி எப்போதும் அசலை விடப் பலசாலி. அளவை ஐம்பதில் ஒன்றாக்கினால் தூணின் குறுக்குப் பரப்பு 2,500-இல் ஒன்றாகக் குறையும், எடையோ 1,25,000-இல் ஒன்றாகிவிடும். அப்படியிருந்தும் என்னுடையது விழுந்தது என்பதுதான் என்னை உட்கார வைத்தது.

அகழாய்வில் தூண்களைச் சுற்றிக் குழி முழுக்கக் கல் அடைத்திருந்தார்கள், கைமுட்டி அளவிலிருந்து மனிதத் தலை அளவு வரை. நான் அதைப் படித்துவிட்டு முக்கியமில்லை என்று கடந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்குப் போய்ச் சிறுகல் அள்ளி வந்தோம். மகள் சல்லடையில் சலித்து மூன்று அளவாகப் பிரித்தாள்.

"அப்பா, பெரிய கல்லு கீழயா, மேலயா?"

எனக்கும் தெரியவில்லை. இரண்டு விதமாகவும் செய்தோம். பெரியதைத் தூணை ஒட்டிக் கொடுத்து, இடுக்கில் சிறியதைக் குச்சியால் குத்திக் குத்தி இறக்கியபோதுதான் தூண் பிடித்தது. கையால் அசைத்தால் பெட்டியே சேர்ந்து அசைகிறது. ஒரு குழிக்கு இருபது நிமிடம். கல் ஒன்றோடொன்று உரசிப் பூட்டிக்கொள்ளும்போது சத்தம் மாறும். முதலில் சரசரவென்று இருக்கும், பிறகு கட்டையைத் தட்டுவதுபோல டொக்கென்று. அந்தச் சத்தம் வரும்வரை குத்த வேண்டும்.

இவ்வளவு உயரமாக ஏன் தொடர்ந்து கட்டவில்லை என்ற கேள்விக்கு மரமும் ஒரு பதில். 1667 திருப்பணிக்கே தூணுக்கு ஏற்ற பெரிய சுகி கிடைக்காமல், இன்று ஹ்யோகோ மாநிலத்தில் உள்ள யாபுவின் மலையிலிருந்து வரவழைத்தார்கள். அதற்குக் கைம்மாறாக, அப்போது இசுமோ வளாகத்தில் இருந்த மூன்றடுக்குப் பௌத்தக் கோபுரத்தைப் பிரித்து அங்கே அனுப்பினார்கள். அந்தக் கோபுரம் இன்றும் நகுசா கோயிலில் நிற்கிறது. கோடையில் போய்ப் பார்க்க வேண்டும்.

கல் அடைத்து இன்றோடு ஏழு வாரம். அரிசிப் பை மேலேயே இருக்கிறது. ஞாயிறுதோறும் நான்கு மூலையிலும் தூக்குக்குண்டு தொங்கவிட்டு அளந்து நோட்டில் எழுதுகிறேன். ஆறு வாரம் அசைவே இல்லை. இந்த வாரம் தென்கிழக்கு மூலையில் ஒரு மில்லிமீட்டர் காட்டுகிறது. அந்தக் குழியை மட்டும் பிரித்து, கல்லை மறுபடி குத்திப் பார்க்கப் போகிறேன்.